யாரும் கேட்காத பின்பாதி

ஹாலம் கிரீக்கில் பேண்டு கச்சேரிக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். ஹார்ன் அடிப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் பூங்காவின் நான்கு பக்கமும் கார்களையும் டிரக்குகளையும் மேடையைப் பார்த்து நிறுத்திவிட்டு, இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து கேட்பார்கள். புல்லில் உட்கார்ந்தால் கொசு பிடுங்கும். காருக்குள் என்றால் பாப்கார்ன் கொறிக்கலாம், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டலாம், பாட்டுப் பிடிக்காவிட்டால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடலாம். ஒரு பாட்டு முடிந்ததும் எண்பது ஹார்ன்களும் சேர்ந்து அலறும். பிடித்துப்போனால் நீளமாக அடிப்பார்கள், சுமார் என்றால் இரண்டு தட்டு. ஒருவருமே அடிக்காவிட்டால் பேண்டு மாஸ்டர் மறுநாள் மளிகைக் கடைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

ஆன்சல் வோன்ட்ரா இந்த ஊருக்கு முப்பத்து நான்கு வருஷம் பேண்டு மாஸ்டராக இருந்தார். வந்தபோது ஒரே ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போய்விடுவதாகத்தான் எண்ணம்.

அவருடைய அப்பா அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், இங்கிருந்து நாற்பது மைல் தள்ளி, செக் நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். கசகசாவும் பிளம்மும் வைத்துச் சுட்ட பன்னைத் தின்று வளர்ந்த பிள்ளை. எட்டு வயதில் கார்னெட் என்ற ஊதுகுழலை வாயில் வைத்தான். பதினெட்டு வயதில் சிகாகோவுக்கு ரயில் ஏறினான். இரண்டு வருஷம் இசைக் கல்லூரி. கையில் காசு தீர்ந்ததும் ஒரு சினிமாக் கொட்டகையில் வேலை கிடைத்தது. அப்போது படங்களுக்கு வாய் கிடையாது. திரைக்குக் கீழே பள்ளத்தில் பதினான்கு பேர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் அந்தப் பதினான்கு பேரையும் நடத்துகிறவராக ஆன்சல் ஆகிவிட்டார். குதிரை ஓடுவதற்கு ஒன்று, கதாநாயகி கடிதத்தைப் படித்து அழுவதற்கு ஒன்று, வில்லன் கதவைத் திறப்பதற்கு ஒன்று என்று சொந்தமாக எழுதியும் தள்ளினார். தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்துக்கொண்டே கையை அசைக்கிற பழக்கம் அங்கே வந்ததுதான். அதனால் கடைசிவரை அவருக்குக் கழுத்து வலி.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் பதினான்கு பேரும் தெருவுக்கு வந்தார்கள். மூன்று வருஷம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஊதிவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் ஹாலம் கிரீக்காரர்கள் பேண்டுக்கென்று வரி போட ஓட்டெடுத்து ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். பகலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது, வியாழக்கிழமை பெரியவர்கள் பேண்டு. பள்ளிக்கூடத்திலேயே டைப்பிங் கற்றுக்கொடுத்த வெர்னாவைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நாக்கு மட்டும் கத்தி. ஆன்சல் எழுதிய எல்லாவற்றையும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரதி எடுத்தது அவள்தான். அவள் கையெழுத்தில் பார்த்தால் தப்பான சுரம்கூடச் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும்.

வெண்ணெய்ப் பண்ணை திறப்பு விழாவுக்கு மார்ச் என்கிற நடைப்பாட்டு, புதுத் தீயணைப்பு வண்டிக்கு மார்ச், மேயரின் வெள்ளி விழாவுக்கு ஜோடியாக ஆட ஒரு வால்ட்ஸ் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு சிம்பொனியும் எழுதி மூன்று பெரிய நகரங்களுக்கு அனுப்பினார். மூன்றும் திரும்பி வந்தன. ஒன்றில் அவர் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை. அன்றைக்கு வெர்னா அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவள் கிண்டல் செய்யாத நாள் அந்த வருஷத்திலேயே அது ஒன்றுதான்.

இதுவரை சொன்னது எத்தனையோ ஊர் பேண்டு மாஸ்டர்களுக்கும் பொருந்தும். ஆன்சலுக்கு மட்டும் நடந்தது ராய்ஸ் டீட்ஸ் என்ற பையனால்.

ராய்ஸ் பால் மாட்டுப் பண்ணைக்காரர் எல்மர் டீட்ஸின் ஒரே மகன். நீளக் குழலை இழுத்து இழுத்து ஊதுகிற டிராம்போன் வாசிப்பான். வீட்டில் ஊதினால் அம்மாவுக்குத் தலைவலி என்று மாட்டுக்கொட்டகையில் போய் ஊதுவான். எதை வாசிப்பதற்கு முன்னாலும் வாத்தியம் சூடாவதற்காக நாலு சுரம் மேலே ஏறி, உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டே கீழே இறங்குவான். அதைக் கேட்டுப் பழகிய மாடுகள், அந்தச் சத்தம் வந்தால் மேய்ச்சலை விட்டுத் தாமாகவே கொட்டகைக்கு வந்துவிடும். ஊரெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தது. ஆன்சல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் வளர்ந்த பிள்ளைகளிலேயே உண்மையான இசைக்காது இருந்தது அவன் ஒருவனுக்குத்தான். பெற்ற பிள்ளை இல்லாத மனுஷர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐம்பதாம் வருஷம் கொரியாவில் சண்டை மூண்டது. பத்தொன்பது வயசுப் பையன்களுக்கு ராணுவத்தில் சேரச் சொல்லிக் கடிதம் வர ஆரம்பித்தது. எல்மர் நினைத்திருந்தால், பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துப் பையனை நிறுத்திக்கொண்டிருக்கலாம். அப்படிப் பலர் செய்தார்கள். ராய்ஸுக்கோ மாட்டுச் சாணியிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. அவன் ஆன்சலிடம் வந்து நின்றான். ஆன்சல் ராணுவ பேண்டு ஒன்றுக்குத் தன் கைப்பட சிபாரிசுக் கடிதம் எழுதினார். அதோடு நிற்காமல் பண்ணைக்கே போய் எல்மரின் சமையலறையில் உட்கார்ந்து, காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "பேண்டுல இருக்கறவனை யாரும் சுட மாட்டாங்க, எல்மர்."

எல்மர் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு மாஸ்டர் சொன்னால் வேதவாக்கு.

சண்டை முற்றியதும் பேண்டுக்காரர்கள் கையிலிருந்த வாத்தியத்தை வாங்கி வைத்துக்கொண்டு, காயம்பட்டவர்களைத் தூக்கிவர அனுப்பினார்கள். அடுத்த பிப்ரவரியில் ராய்ஸ் ஒரு ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைப் பிடித்தபடி விழுந்துபோனான். அந்தச் செய்தியோடு எல்மர் வீட்டுக்குத் தந்தி வந்தது. சவ அடக்கத்தில் எல்மரின் கையைப் பிடித்தார். பேச வாய் வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் இருவரும் தொப்பியைத் தொட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷமே எல்மரின் மனைவியும் போய்ச் சேர்ந்தாள்.

வாயால் சொல்ல முடியாததை ஆன்சல் தாளில் எழுதினார். ஒன்றரை வருஷம் பிடித்தது. 'வியாழன் மாலை' என்று பெயர் வைத்தார். முன்பாதி முழுக்கக் கும்மாளம். பூங்கா, பிள்ளைகள், ஐஸ்கிரீம், நடுவே துள்ளி ஆட ஒரு போல்கா. மொத்த பேண்டும் சேர்ந்து ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். ஏழு நொடி மௌனம். அந்த மௌனத்தில்தான் தந்தி வருகிறது. பிறகு டிராம்போன் தனியாக நாலு சுரம் ஏறி வழுக்கி இறங்கும். அதையே கிளாரினெட் வாங்கும், கொம்புகள் வாங்கும், கடைசியில் பேண்டு முழுவதும் அதைத் தாழ்ந்த குரலில் பாடி முடிக்கும். பின்பாதி மொத்தமும் ராய்ஸ். எல்மர் அதைக் கேட்க வேண்டும், கேட்டால் புரிந்துகொள்வார், புரிந்துகொண்டால் மன்னிப்பார் என்பது ஆன்சலின் கணக்கு.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூலையில் முதன்முறை வாசித்தார்கள். தண்ணீர்க்குழாய் பக்கத்தில் எல்மரின் பச்சை டிரக் நின்றது. பேண்டு உச்சத்துக்கு ஏறி நின்றது. ஆன்சல் கையை அந்தரத்தில் பிடித்திருந்தார். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணி மூன்று வருவதற்குள் ஒரு ஹார்ன் அடித்தது, காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி எண்பதும் சேர்ந்துகொண்டன. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். அதுவும் பிடித்துப்போய் அடிக்கிறார்கள், நிற்கவே இல்லை. டிராம்போன்காரி ஃபிலிஸ், வங்கியில் வேலை பார்க்கிறவள், வாத்தியத்தை உயர்த்துவதா இறக்குவதா என்று தெரியாமல் விழித்தாள். பச்சை டிரக் பின்னால் நகர்ந்து திரும்பிப் போய்விட்டது. விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்க வேண்டிய மனுஷர், சீக்கிரம் போகத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆன்சல் வேறு வழியில்லாமல் திரும்பிக் குனிந்து வணங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. அந்த முன்பாதி ஊருக்கு உயிராகிவிட்டது. 'வோன்ட்ரா மார்ச்' என்று அவர்களாகவே பெயர் வைத்தார்கள். ஒரு கோடையில் நாலு தடவையாவது வாசிக்கச் சொல்லி நச்சரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் ஹார்ன், அதே இடத்தில் டிரக் கிளம்பும். ஆன்சல் ஏழு நொடியை மூன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஹார்ன் இரண்டிலேயே வந்தது. 'தயவுசெய்து முடியும்வரை பொறுக்கவும்' என்று நிகழ்ச்சித்தாளில் அச்சடித்தார். அதில் பாப்கார்ன் எண்ணெயைத் துடைத்தார்கள். ஒரு வருஷம் பிடிவாதமாகச் சத்தத்தின் மேலேயே பின்பாதியை வாசித்தார். இஞ்சின் இரைச்சலில் ஃபிலிஸுக்கே அவள் வாசித்தது கேட்கவில்லை.

"அந்த இடைவெளிய எடுத்துத் தொலையேன்" என்றாள் வெர்னா. "நிறுத்தாம போனா எவன் ஹார்ன் அடிக்கப் போறான்?"

அதை எடுத்துவிட்டால் ராய்ஸ் செத்தது எங்கே என்று கேட்டார் ஆன்சல். எல்மரிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாமே என்று இன்னொரு நாள் கேட்டாள். அதற்கு ஆன்சல் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். பதினான்கு பேரை, நாற்பது பேரை, சில நாள் நூறு பிள்ளைகளைக் கையசைவில் கட்டிப்போடுகிற மனுஷருக்கு ஒரே ஒரு கிழவரின் வாசலில் ஏறத் தைரியம் இல்லை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? உங்கள் மகனைக் கொன்றதற்கு ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், வந்து கேளுங்கள் என்றா?

அறுபத்தாறாம் வருஷம் வசந்தத்தில் எல்மர் மாடுகளை ஏலத்தில் விற்றார். அறுபத்தெட்டு வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது. செப்டம்பரில் அரிசோனாவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகளிடம் போகப்போவதாகச் செய்தி. ஆன்சல் நாள்காட்டியை எடுத்து மிச்சமிருந்த வியாழக்கிழமைகளை எண்ணினார். இந்தக் கோடையை விட்டால் இனிக் கிடையாது. அதே சமயம் ஒரு நப்பாசையும் வந்தது. மாடு இல்லை, நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம், இந்த வருஷமாவது மனுஷர் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்.

ஜூலையில் வாசித்தார்கள். உச்சம் வந்தது, கை அந்தரத்தில் நின்றது, அதே கன்றுக்குட்டி ஹார்ன் முதலில் கத்தியது. பச்சை டிரக் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது வெர்னா சொன்னாள்: "மாடே இல்லாதவர் யாரைக் கறக்க ஓடறாராம்?"

பழக்கம் என்றார் ஆன்சல். ஐம்பது வருஷப் பழக்கம் ஒரு ஏலத்தில் போய்விடுமா என்றார். வெர்னா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவர் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பதிலாக, மூன்று வாரம் தூக்கம் கெட்டு யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார். பின்பாதியை முதலில் வாசித்துவிடுவது. கச்சேரி ஆரம்பமே அதுதான். வந்து நிறுத்தியவுடன் யாரும் கிளம்ப மாட்டார்கள்.

எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும் அது எவ்வளவு வலி என்று. கும்மாளம் இல்லாமல், மௌனம் இல்லாமல், அந்த நாலு சுரத்துக்கு என்ன பொருள்? ஒன்றரை வருஷ வேலையைத் தானே நடுவில் கிழித்து, வாலைத் தலையில் ஒட்டுவது. செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் சொன்னபோது பேண்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அப்படி ஒரு பின்பாதி இருப்பதே மறந்துபோயிருந்தது. மாஸ்டருக்கு வயசாகிவிட்டது என்று கொம்பு வரிசையில் யாரோ முணுமுணுத்ததும் அவர் காதில் விழுந்தது. விழாததுபோல் குச்சியை எடுத்தார்.

ஆகஸ்ட் மூன்றாவது வியாழன். வெயில் இறங்கியும் உஷ்ணம் குறையவில்லை. ஆன்சல் மேடை ஏறி, தண்ணீர்க்குழாய் பக்கம் பச்சை டிரக் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஃபிலிஸுக்குச் சைகை கொடுத்தார். நாலு சுரம் ஏறியது, வழுக்கி இறங்கியது. கிளாரினெட் வாங்கியது. பதின்மூன்று வருஷமாக அவர் தலைக்குள் மட்டுமே ஒலித்துக்கொண்டிருந்தது திறந்த வெளியில் கேட்டது. நன்றாக இருந்தது. தான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்று அவருக்கு அழுகை வந்தது. முடிந்ததும் ஊர்க்காரர்கள் இது என்ன புதுசு என்று சற்றுத் தயங்கிவிட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று மரியாதைக்கு அடித்தார்கள்.

பச்சை டிரக் அடிக்கவில்லை.

ஆன்சல் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் எல்மர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டிரக் கிளம்பவும் இல்லை. மீதிக் கச்சேரியை ஆன்சல் எப்படி நடத்தினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு மார்ச்சில் தாளத்தைத் தப்பவிட்டார். முப்பத்து நான்கு வருஷத்தில் அது முதல் தடவை. மன்னிக்கவில்லை, இந்த ஜன்மத்தில் மன்னிக்கப் போவதும் இல்லை என்பது ஒன்றுதான் மனசில் ஓடியது.

கார்கள் போன பிறகு டிரக் மட்டும் நின்றது. வெர்னா கணவரின் கையிலிருந்த இசைத்தாள்களை வாங்கிக்கொண்டு, போ என்பதுபோல் தலையை அசைத்தாள். ஆன்சல் புல்லைத் தாண்டிப் போனார். எல்மர் ஜன்னலை இறக்கினார். இருவரும் அடுத்தடுத்து நாலு வார்த்தை பேசி பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

"அது ஆரம்பத்துல வாசிக்கிறது இல்லயே, மாஸ்டர்" என்றார் எல்மர். "கடைசியில இல்ல வரணும்?"

ஆன்சல் ஜன்னல் பக்கம் குனிந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதிமூணு வருஷமா தெரியும். நீங்க முதல் தடவை ஒத்திகை பாத்தப்ப நான் எதிர்த்தாப்பல தீவனக் கடையில மூட்டை ஏத்திக்கிட்டிருந்தேன். வெக்கைக்குப் பள்ளிக்கூடத்து ஜன்னலெல்லாம் திறந்து வச்சிருந்தீங்க. அந்த வங்கிக்காரப் பொண்ணு ஊதுச்சு. மூட்டைய அங்கயே போட்டுட்டு வந்துட்டேன்."

அவர் ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

"ஹார்ன் மேல கைய வச்சுக்கிட்டேதான் உக்காந்திருப்பேன். நீங்க கைய நிறுத்தினதும் அடிச்சிருவேன். நான் ஒருத்தன் அடிச்சா போதும், மத்தவனெல்லாம் அடிப்பான். இந்த ஊரு அப்படித்தானே. அந்தச் சத்தத்துல கிளம்பிப் போயிருவேன்."

ஆக, ஊர் செய்த தப்பு என்று பதின்மூன்று வருஷம் ஆன்சல் நொந்துகொண்டது ஊரின் தப்பே இல்லை. ஒரு மனுஷர் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார். அந்தக் கையை வலுக்கட்டாயமாக விலக்கப் பார்த்தவர் இவர். இன்றைக்குத் தப்பி ஓட வழியும் வைக்காமல், முதல் பாட்டாக வைத்து வாசித்துவிட்டார். ஆன்சல் டிரக்கின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"என் மேல கோவம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம், எல்மர்."

"கோவம் இல்லாமலா? நீங்க வந்து காபி குடிச்சிட்டுப் போகலன்னா, நான் அவனைக் கொட்டாயிலயே நிறுத்தி வச்சிருப்பேன். என்னைத் திட்டிக்கிட்டே உசுரோட கிடந்திருப்பான். ரெண்டு மூணு வருஷம் அந்தக் கோவம் இருந்துச்சு. அப்புறம் போயிருச்சு. அந்தச் சத்தம்தான் போகல." எல்மர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவன் ரயில் ஏறின மறுநாள் மாடு ஒண்ணும் உள்ள வரல, வாசல்லயே நிக்குது. நான் சீட்டியில அதை அடிச்சுக் கத்துக்கிட்டேன். தந்தி வந்த அன்னைக்கோட அதையும் நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் குச்சிய வச்சுத் தட்டித்தான் ஓட்டினேன், வித்த வரைக்கும்."

"உங்களுக்காகத்தான் எழுதினேன்."

"இல்ல மாஸ்டர். அவனுக்காக எழுதினீங்க, உங்களுக்காக எழுதினீங்க. எனக்காகன்னா, ஒரு நாள் வீட்டுக்கு வந்திருப்பீங்க."

பதினைந்து வருஷம் தொண்டையில் கிடந்த ஒரே வாக்கியம் ஆன்சலிடமிருந்து வெளியே வந்தது.

"பேண்டுல இருக்கறவனை யாரும் சுட மாட்டாங்கன்னு சொன்னேன்."

"சொன்னீங்க" என்றார் எல்மர்.

அவர் அதை மறுக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. சொன்னீங்க என்றார், அவ்வளவுதான். ஆன்சலுக்கோ யாரோ தன்னை இத்தனை நாள் கழித்து உட்காரச் சொன்னதுபோல் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. எல்மர் சாவியைத் திருப்பினார், திரும்ப அணைத்தார்.

"இன்னைக்கும் கை ஹார்ன் மேலதான் இருந்துச்சு. நீங்க முதல்லயே ஆரம்பிச்சதுல அடிக்கத் தோணல. உக்காந்து கேட்டுட்டேன். அவன் இவ்வளவு மெதுவா ஊத மாட்டான், அதைச் சொல்லணும்."

"வேகமாத்தான் ஊதுவான்" என்றார் ஆன்சல்.

"அடுத்த வாரம் கடைசிக் கச்சேரியா? ஒழுங்கா வாசிங்க. முன்னாடி உள்ளதை முன்னாடி, பின்னாடி உள்ளதைப் பின்னாடி. தலைகீழா வாசிச்சா யாருக்குப் புரியும்?"

அந்த வாரம் ஆன்சல் வெர்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாட்டை விற்ற பிறகும் ஓடுகிறவர் எதையோ விட்டு ஓடுகிறார் என்று எனக்கு அப்போதே தோன்றியது, நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்றாள் அவள். அப்புறம் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் ஆன்சல் பின்பாதியைக் கொஞ்சம் வேகமாக வாசிக்கச் சொன்னார். பேண்டுக்காரர்கள் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.

கடைசி வியாழன் கூட்டம் அதிகம். கோடை முடிகிறது, பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. மூன்று பாட்டுக்குப் பிறகு 'வோன்ட்ரா மார்ச்' என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது. ஆன்சல் ஆரம்பித்தார். பூங்கா, பிள்ளைகள், ஐஸ்கிரீம், போல்கா. பேண்டு ஏறியது, ஏறிக்கொண்டே போய் நின்றது. அவர் கை அந்தரத்தில். ஒன்று. இரண்டு. கன்றுக்குட்டி ஹார்ன் அடிக்கவில்லை. மூன்று.

நாலில் கிழக்குப் பக்கத்திலிருந்து வேறொரு கார் அடித்தது.

பதின்மூன்று வருஷப் பழக்கம் ஆயிற்றே. எல்மர் ஆரம்பித்து வைக்க வேண்டும் என்று இனி இல்லை. எண்பது ஹார்ன்களும் சேர்ந்துகொண்டன, நீளமாக, கோடைக்கே விடை கொடுப்பதுபோல. பூங்காவின் கோடியில் நாலைந்து பேர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். ஃபிலிஸ் டிராம்போனை மடியில் இறக்கினாள். ஆன்சல் கையை இறக்கவில்லை. இவ்வளவுதான் என்று அவருக்கும் தோன்றிவிட்டது.

அப்போது பச்சை டிரக்கின் கதவு திறந்தது. இந்த ஊரில் பாட்டு நடுவில் யாரும் வண்டியை விட்டு இறங்கியது கிடையாது. எல்மர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பக்கத்துக் காருக்குப் போய்க் கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டினார். உள்ளே இருந்தவர் ஜன்னலை இறக்கினார்.

"இன்னும் முடியல" என்றார் எல்மர். "இஞ்சினை நிறுத்து."

அடுத்த கார். அதற்கடுத்த கார். அவசரப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒரு காலை இழுத்து இழுத்துப் பூங்காவைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு கண்ணாடியிலும் இரண்டு தட்டு. "இன்னும் முடியல." வெண்ணெய்ப் பண்ணைக்காரர் காரை, போதகர் காரை, ஏற்கெனவே பின்னால் எடுத்துவிட்ட ஒருத்தனின் பானட்டை உள்ளங்கையால் தட்டி நிறுத்தினார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கும் அதே இரண்டு வார்த்தைதான். அவர் போன பக்கமெல்லாம் ஹார்ன் நின்றது, இஞ்சின் நின்றது. தெற்குப் பக்கம் அடங்கியது, கிழக்குப் பக்கம் அடங்கியது. மேடையில் யாரும் தாளைப் புரட்டவில்லை. ஏழு நொடி என்று எழுதி வைத்த மௌனம் பத்து நிமிஷத்துக்கு மேல் நீண்டது. ஆன்சல் கையைத் தூக்கியபடியே நின்றார். வலித்தபோது இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

கடைசிக் காரின் கண்ணாடியையும் தட்டிவிட்டு எல்மர் டிரக்குக்குத் திரும்பவில்லை. புல்லில் நடந்து மேடைக்கு நேர் எதிரே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ம்ம், வாசிங்க மாஸ்டர்" என்றார்.

ஃபிலிஸ் டிராம்போனை உயர்த்தினாள்.